அஸ்மத்துன்னிசாவின் பால்

ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் நல்ல வார்த்தை சொன்ன வாய், பெற்ற பிள்ளைக்கு மட்டும் பூட்டுப் போட்டுக்கொண்டால் அவன் எங்கே போய் முட்டிக்கொள்வான்? அப்துல் சமத் இரண்டு நாளாக அந்த நிலைமையில்தான் கிடந்தான்.

அடையாறு ஆஸ்பத்திரியில், இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் கட்டிலைப் போட்டு அம்மாவைக் கிடத்தினார்கள். வியாழக்கிழமை அக்கா உம்மே ஹானி அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, "குடிச்ச பாலை ஹலாலாக்கும்மா" என்று கேட்டாள். குடித்த பாலின் கடனை மன்னித்தேன் என்று, போகிற தாயிடம் பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொள்கிற வார்த்தை அது. அது கிடைக்காதவன் நாளைக்கு அல்லாஹ் முன்னால் எந்த முகத்தோடு நிற்பான்? "ஹலாலாக்கிட்டேன்" என்றாள் அம்மா. அண்ணன் இனாயத் கேட்டான். அவனுக்கும் சொன்னாள். கடைக்குட்டி சமத் கேட்டபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சொந்தபந்தம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன ஒரு அவமானம்!

அவன் அப்படி என்ன பாவம் செய்துவிட்டான்? காலமெல்லாம் அம்மா அவன் வீட்டில்தான் இருக்கிறாள். மருந்து, ஆட்டோ, ஆஸ்பத்திரி வரிசை எல்லாமே அவன்தான். மூளையைக் குடைந்து குடைந்து பார்த்தான், ஒரு மண்ணும் தட்டுப்படவில்லை. சோறு இறங்கவில்லை. "அவங்க நினைவோட இல்லீங்க, உடுங்க" என்றாள் மனைவி சாய்மா. "மத்தவங்ககிட்ட பேசசொல்லோ மட்டும் நினைவு கீதா?" என்று அவளிடம் எரிந்து விழுந்தான்.

அவன் சொன்னதிலும் தப்பில்லை. பச்சைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதுதான் அவன் அம்மா அஸ்மத்துன்னிசாவின் தொழில். மயிலாப்பூர், அபிராமபுரம், தி.நகர் என்று வெயிலோ மழையோ நடந்தே போய் வந்தவள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவிவிட்டு வெந்நீர் ஊற்றினால், வீறிட்டு அழுத பிள்ளையும் அப்படியே தூங்கிப்போகும். வீட்டில் ஒருத்தி மாசமாக இருக்கிறாள் என்றாலே, "அஸ்மத்தம்மாகிட்ட சொல்லி வெச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் காலில் கிடந்து எழுந்தவர்கள் இன்றைக்கு டாக்டர், வக்கீல் என்று இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அபிராமபுரத்திலிருந்து மஹதி வந்தாள். பாங்க் மேனேஜர். "அஸ்மத்தம்மா, நான்தான் மஹதி. அம்மா ஒங்களைப் பத்தி சொல்லிண்டே இருப்பா" என்று அழுதாள். அம்மா கையை நீட்டி அவள் மூக்கைத் தடவிப் பார்த்தாள். "நான் புடிச்சு உட்ட மூக்கு. நல்லா இரு கண்ணு" என்றாள். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த சமத்துக்கு வயிறு பற்றி எரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சுற்றி உட்கார்ந்து யாசீன் ஓதினார்கள். சமத் எல்லாரையும் விலக்கிக்கொண்டு போய் அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

"இன்னாம்மா தப்பு பண்ணேன்? செருப்பால அடி, வாங்கிக்கிறேன். சொல்லாம மட்டும் போயிடாதம்மா!"

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"குடுக்காத பாலை எப்டிடா ஹலாலாக்குவேன்?"

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவைப் பார்த்தான். அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நீ வயித்துல இருக்கசொல்லோ அத்தா மவுத்தாயிட்டாரு. அவரு போனப்புறம் சம்பாரிக்க ஆளில்ல. உன்னைப் பெத்த கையோட அம்மா வேலைக்குப் போயிடுச்சு. நான்தான் டப்பா பால் கரைச்சு ஊட்டுவேன். அங்க ஊரான் புள்ளை அழுதா அம்மாவுக்குப் பால் சுரந்து ஜாக்கெட் நனைஞ்சுடும். ஓடியாந்து பாத்தா நீ தூங்கிக்கினு இருப்பே. அப்பால பாலே வத்திப் போச்சு."

அடப்பாவி, இந்த எண்பத்தாறு வயசு வரைக்கும் இதையா நெஞ்சில் போட்டு வைத்திருந்தாள்!

"நீதான்டா எனக்கு மாப்பு குடுக்கணும்" என்றாள் அம்மா. "கேக்க வாய் வரல."

"மாப்பு குடுக்க இன்னாம்மா கீது? உழைச்சு உழைச்சுத் தேஞ்சியே, யாருக்காக?"

"அதெல்லாம் வேணா. மாப்பு குடுத்தேன்னு சொல்லு."

அப்போதுதான் சமத்துக்கு உறைத்தது. மன்னித்தேன் என்கிற இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. சொன்னால் போய்விடும். மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். அம்மாவின் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. கண் அவனை விட்டு நகரவில்லை. "சொல்லித் தொலைடா, அம்மா தவிக்குது பாரு!" என்று அக்கா அவன் முதுகில் அறைந்தாள்.

"மாப்பு குடுத்தேன்மா."

அம்மா "உம்" என்றாள். இனாயத் அவள் காதருகே குனிந்து கலிமா சொன்னான். அவள் உதடு கூடவே அசைந்தது. அதற்கப்புறம் மூச்சைக் காணோம்.

யாரோ கண்ணை மூடிவிட்டார்கள். அழுகை கிளம்பியது. சமத் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் வாயைப் பொத்த வந்த இனாயத்தைத் தள்ளிவிட்டான்.

"இல்லம்மா, மாப்பு குடுக்கல! சும்மா சொன்னேன்மா, குடுக்கவே இல்ல! எந்திரிம்மா, எந்திரி!"