ஓக் நிழல் விழுந்த சுவர்

ஒலாசுபி ஊரில் இமானோலின் நிழல் ஓக் மர நிழலாக மாறியது, சோளம் விதைத்து முடித்த வாரத்தில் ஒரு மாலை. அன்று காலைதான் வீட்டுப் பாதையில் நின்ற ஓக்கை அவன் வெட்டியிருந்தான். வெட்டியதில் குற்றமில்லை, பாஸ்க் மலைகளில் எல்லோரும் மரம் வெட்டுகிறவர்கள்தான். ஆனால் கோடரியை ஓங்குமுன் மரத்தைப் பார்த்து, "உன்னை வெட்டப் போகிறோம், எங்களை மன்னித்துவிடு" என்று சொல்லியாக வேண்டும். இமானோல் வாயைத் திறந்தான். பக்கத்தில் அவனுடைய ராக் குழுவின் டிரம்மர், பில்பாவோ நகரத்துக் கோர்கா நின்றிருந்தான். "என்னடா, மரத்துக்கிட்ட பர்மிஷன் கேக்கப் போறியா?" என்று சிரித்தான். இமானோலும் சிரித்துவிட்டு வெட்டினான். மதியத்துக்குள் குழுவின் வேன், பாட்டுப் பழகும் கொட்டகைவரை தடையில்லாமல் போனது. மாலையில் அவன் காலடியிலிருந்து வயல் முழுக்க ஓக்கின் நிழல் நீண்டு கிடந்தது, என்றோ மின்னல் முறித்திருந்த அதன் கிளை உட்பட.

மரத்திடம் சொல்லாததை அவன் பாட்டாக்கினான். அந்த மன்னிப்பு வாக்கியமே பல்லவி. பாட்டு மலைகளைத் தாண்டிப் போனது. அவன் பாடும்போது பின்திரையில் இலைகள் அசைந்தன. விளக்கு வேலை என்று நகரத்தார் கைதட்டினார்கள். வானொலிக்காரர்கள் அர்த்தம் கேட்டால், "இயற்கையோட ஒண்ணாக் கலந்துடறதுதான்" என்பான். ஒவ்வொரு முறையும் காது சிவக்கும். ஊருக்கு மட்டும் மேகம் மூடிய நாளாகப் பார்த்து வந்துபோனான்.

சில வருடங்களில் ஊர்த் திருவிழாவுக்கே பாட அழைத்தார்கள். பெலோட்டா பந்தடிக்கும் பெரிய சுவருக்கு முன்னால் மேடை. சாயங்கால வெயில், விளக்கின்மேல் பழிபோட வழியில்லை. சுவரில் மரம் எழுந்தது. முறிந்த கிளையைப் பார்த்ததுமே ஊருக்கு அது எந்த மரம் என்று தெரிந்துவிட்டது. ஆண்கள் இறந்தவருக்குச் செய்வதுபோலத் தொப்பியைக் கழற்றினார்கள். அவன் பல்லவிக்கு வந்தபோது, ஆப்பிள் மதுக் கோப்பையோடு முன்னால் நின்ற அவன் அக்கா மாயாலென் கேட்டாள்: "டேய், அதை எங்ககிட்ட எதுக்குடா சொல்றே? நீ வெட்டினது எங்களையா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு வெட்டிய மரத்தின் அடிக்கட்டைக்கு நடந்தான். ஊரும் பின்னால் போனது. அந்த வாக்கியம் வெட்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியது. வெட்டிய பிறகு சொல்வதற்கென்று ஊரில் ஒன்றும் இல்லை. "வெட்டிட்டேன்," என்றான்.

நிழல் மாறவில்லை. இமானோல் இப்போது ஆடு வளர்க்கிறான். கோடை மதியங்களில் அடிக்கட்டையருகே அவன் நிற்க, சுற்றிலும் அந்த நிழலில் ஆடுகள் படுத்து அசைபோடும். குளிர்காலத்தில் நிழல் இலை உதிர்ந்து மெலியும். பாட்டின் அர்த்தம் கேட்டு இன்னும் கார்களில் ஆட்கள் வருகிறார்கள். "அங்கதான் நிக்கறான், போய்க் கேளுங்க" என்று மாயாலென் வயலுக்கு அனுப்புவாள். அவன் தலையைத் தூக்குவதில்லை. வந்தவர்கள்மேல் வெயில் படாதபடி சற்று நகர்ந்து நிற்பான்.