ஆசிரியர் வெளியே வரட்டும்!

எலிசியோ கராஸ்கலும் நானும் ஒரே ஊர்க்காரர்கள். பலென்சியாவிலிருந்து ஒரே மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மாட்ரிட்டுக்கு வந்தோம். அவன் சொந்தமாகப் பத்திரிகை தொடங்கினான். நான் எதிர்ப் பத்திரிகையில் நாடக விமர்சனம் எழுதப் போனேன். மந்திரியைத் திட்டி எழுதி அவன் ஒரு மாதம் சிறையில் இருந்தான். மற்றவர்கள் சிறைக்குப் போனால் இளைத்துத் திரும்புவார்கள், இவன் பாராளுமன்ற உறுப்பினராகத் திரும்பினான். ஏழு நாடகம் எழுதினான், ஏழும் ஓடின. நான் எழுதிய ஒன்றே ஒன்று இரண்டு நாள் ஓடியது. இரண்டாம் நாள் வந்ததுகூட மழைக்கு ஒதுங்கிய கூட்டம்தான் என்று காபிக்கடையில் எலிசியோ சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன குளிர்காலத்தில் என் மனைவி கசில்டா வியாழக்கிழமைதோறும் அவன் அலுவலகப் படியேறுகிறாள் என்று கேள்விப்பட்டதும் சோறு இறங்கவில்லை.

"எங்க போயிட்டு வர்றே?"

"பாவமன்னிப்புக்கு."

"வியாழக்கிழமையிலயா?"

"பாவத்துக்குக் கிழமை உண்டா என்ன?" என்று சொல்லிவிட்டு, கொண்டைக்கடலையை அடுப்பில் வைக்கப் போனாள். அவள் முகத்தில் நான் பார்த்தறியாத ஒரு தெளிச்சி. அது எனக்காக வந்ததில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

மார்ச்சில் ஒரு புது நாடகத்துக்குச் சுவரொட்டி ஒட்டினார்கள். மாட்ரிட்டில் முதல் நாள் சுவரொட்டியில் ஆசிரியர் பெயர் இருக்காது. திரை விழுந்ததும் கூட்டத்துக்குப் பிடித்திருந்தால் "ஆசிரியர்! ஆசிரியர்!" என்று கத்தும். தலைமை நடிகர் முன்னால் வந்து பெயரைச் சொல்வார். பிடிக்காவிட்டால் காலால் தரையை உதைப்பார்கள். உதை விழுந்தால் பெயர் வெளியே வராமலே போகும்.

"எலிசியோவோடதுதான்யா, சந்தேகமே வேணாம். ஒத்திகைக்குத் தினமும் போய் உக்காந்திருக்காரே" என்றார்கள் காபிக்கடையில்.

எங்கள் அச்சுக்கூடத்து ஆட்கள் எட்டுப் பேரை மேல்மாடியில் உட்கார வைத்தேன். ஆணி அடித்த பூட்ஸ் போட்டு வரச் சொன்னேன். நான் கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினால் ஆரம்பிக்க வேண்டும்.

"நானும் வர்றேன்" என்றாள் கசில்டா. எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணத்தன்று போட்ட கறுப்பு லேஸ் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவனைப் பார்க்கத்தானே இத்தனை அலங்காரம்!

தபால்காரன் மனைவி ஒருத்தி ஊரார் கடிதங்களைத் திருட்டுத்தனமாகப் படிக்கிற கதை. முதல் அங்கம் நன்றாக இருந்தது. என்னாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டாம் அங்கத்தில் மூக்கைச் சிந்தினேன்.

பூட்ஸ் சத்தம் கிளம்பியது. சும்மா இருந்தவர்களும் வேடிக்கைக்கு உதைக்க ஆரம்பித்தார்கள். கசில்டா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நிறுத்தச் சொல்லுங்க! உங்க காலைப் பிடிக்கிறேன், நிறுத்தச் சொல்லுங்க!"

அவனுக்காக என் காலைப் பிடிக்கிறாளா? நானும் சேர்ந்து உதைத்தேன்.

திரை பாதியில் விழுந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "ஆசிரியர் வெளியே வரட்டும்!" என்று கத்தினேன். அரங்கமே கேலியாக அதைப் பிடித்துக்கொண்டது. தலைமை நடிகர் நடுங்கிக்கொண்டே வந்து வாயைத் திறந்தார். அதற்குள் மேடை ஓரத்திலிருந்து எலிசியோ வந்து அவரை மெல்ல ஒதுக்கினான்.

"எழுதினது நான்தான். திட்டுறதை என்னைத் திட்டுங்க, நடிச்சவங்களை விட்டுருங்க."

ஆரஞ்சுத் தோல் பறந்தது. இடுப்பை வளைத்து வணங்கினான். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

தெருவில் கசில்டா முன்னால் நடந்தாள்.

"உன் ஆளு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான், பாத்தியா?"

நின்றாள். "அவர் எழுதினதில்ல அது."

"பின்னே?"

"நான் எழுதினது."

"என்கிட்ட ஏன் காட்டலை?" என்றேன்.

"காட்டினேனே. மூணு வருஷம் முன்னாடி முதல் ரெண்டு பக்கத்தை உங்க மேஜையில வெச்சேன். சமையல் குறிப்பான்னு கேட்டீங்க. அவர் உக்காந்து படிச்சார். இது இழுக்குது, இதை வெட்டும்மான்னு சொன்னார். சில வாரம் அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்திருக்கேன்." முக்காட்டால் முகத்தைத் துடைத்தாள். "நடிகர் என் பேரைச் சொல்றப்ப உங்க முகம் எப்படி மாறுதுன்னு பாக்கணும்னுதான் பக்கத்துல உக்காந்தேன்."

என் மனைவிக்காக ஒருவன் மேடையில் நின்று அத்தனை உதையையும் வாங்கியிருக்கிறான். புருஷன் நிற்க வேண்டிய இடம் அது. நாடகம், பத்திரிகை, பதவி எல்லாம் போதாதென்று அதையும் அவனே எடுத்துக்கொண்டான். வெட்கம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது, முன்னைவிட அதிகமாக.

மறுநாள் பத்திரிகைக்கு விமர்சனம் தர வேண்டும். எலிசியோ மறுபடி நின்ற தேர்தலுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. உண்மையைச் சொல்லாமலே ஒரு வரி நல்லதாக எழுதியிருக்கலாம். 'ஒரு நாடகத்தையே ஒழுங்காக நடத்தத் தெரியாதவர் நாட்டை நடத்தப் போகிறாராம்' என்று எழுதினேன். ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. எலிசியோ தோற்றான். கசில்டாவின் பெயரை அவன் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

விமர்சனம் வந்த அன்று காலையில் கசில்டா பத்திரிகையை மேஜைமேல் விரித்து, கடைசி வரிவரை படித்தாள். எங்கள் பத்திரிகையில் விமர்சனத்துக்குக் கீழே பெயர் போடுவதில்லை.

"இதை எழுதினது யாரு?" என்று கேட்டாள்.

"தெரியலை" என்றேன்.