இருபத்தைந்தாவது கட்டம்

முக்கூடல் முஃபீதா தான் அமைத்த எந்த இசைத்துண்டைக் கிட்டாரில் வாசித்தாலும், இருபத்துநான்காவது கட்டத்தில் கேட்பவர்கள் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பிவிடுவார்கள். இருபத்தைந்தாவது கட்டத்தில் இறங்கிவிடுவார்கள். கட்டம் என்பது இசைத்தாளில் கோடு கிழித்துப் பிரித்த ஒரு பகுதி. முதல் வருடம் தெருவில் கொஞ்சம் பேச்சிருந்தது. அடுத்த வருடம் மூட்டுவலிக்காரர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து நிற்கத் தொடங்கினார்கள். ஒரு கட்ட நேரமாவது முழங்காலில் பாரம் இல்லாமல் இருப்பது அவர்களுக்குச் சின்ன விஷயமில்லை. எதிர்வீட்டுப் பொன்செல்வி பரணிலிருந்து அண்டாவை எடுக்க ஏணி தேடுவதை விட்டுவிட்டு முஃபீதாவைக் கூப்பிட்டாள்.

அந்தக் கிட்டார் ஷார்ஜாவில் அவள் கணவன் அஃப்சலின் அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. அஃப்சல் அதைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தான். முஃபீதா நான்கு வருடம் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் பாளையங்கோட்டை ஹெப்சிபா டீச்சரிடம் வாசிக்கவும் எழுதவும் கற்றாள். பிறகு சொந்தமாக அமைக்க ஆரம்பித்தாள். மடியில் ஈர இலையும் தூளும் பரப்பிய சொளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே மனதுக்குள் அடுக்குவாள். கல்யாண வீட்டில் பெண்கள் பாடும் பைத்தின் மெட்டு மெல்லிய கம்பிகளுக்கு. அதற்குத் துணையாக நடக்கும் கீழ்ச்சுரங்கள் கட்டைவிரலுக்கு. விரல் எட்டாததை ஈவிரக்கமில்லாமல் தள்ளிவிடுவாள். பீடியில் ஒரு கட்டு என்றால் இருபத்தைந்து. ஒன்று குறைந்தாலும் கடையில் கழித்துப் போடுவார்கள். அந்த எண்ணிக்கையில் பழகிய கை இசையையும் இருபத்தைந்தில்தான் முடித்தது. மற்றவர்களெல்லாம் பதினாறு, இருபத்துநான்கு, முப்பத்திரண்டு என்று எழுதுவதாக டீச்சர் சொன்னபோது அவள் நம்பவில்லை. இருபத்துநான்கில் எப்படி ஒன்று முடியும் என்று திருப்பிக் கேட்டாள்.

டீச்சர் பன்னிரண்டு துண்டுகளைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். அங்கே கிட்டார் தேர்வுக்குப் பாடப்புத்தகம் போடும் பதிப்பகத்தில் பேச்சிராஜ் ஆசிரியராக இருந்தார். சொந்த ஊர் அம்பாசமுத்திரம், நல்ல காது. எல்லாமே பிடித்திருக்கிறது, கடைசிக் கட்டத்தை மட்டும் வெட்டிவிட வேண்டும், பார்க்கிறவர்கள் அச்சுப்பிழை என்பார்கள் என்று சொன்னார். அன்று மத்தியானமே முஃபீதா ஒன்றை வெட்டி வாசித்துப் பார்த்தாள். இருபத்துநான்கு முடிந்ததும் கையை எடுத்தாள். அவளும், பக்கத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்த, சித்தி ஜனாபா என்ற பெயருடைய மாமியாரும் ஒரு சாணோடு நிற்காமல் மேலே போய்க்கொண்டே இருந்தார்கள். கூரையில் தலை முட்டிய பிறகுதான் நின்றது. சித்தி ஜனாபா சொளகைக் கைவிடவில்லை.

“பைய எறக்கு புள்ள, எல காயுது” என்றார்.

முஃபீதா மிச்சக் கட்டத்தை வாசித்தாள். இருவரும் இறங்கினார்கள். உடனே பேச்சிராஜுக்குப் போன் போட்டு, அதை வெட்டினால் ஆள் இறங்க வழியில்லை என்று சொன்னாள். அவர் சிரித்தார். மூன்று நாளில் சம்மதம் வராவிட்டால் புத்தகம் அவள் இல்லாமலே அச்சுக்குப் போகும் என்றார். டீச்சரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொன்னார். நாளுக்கு எண்ணூறு பீடி சுற்றுகிறவள் அவள். எதிலும் அவள் பெயர் இருந்ததில்லை, எல்லாவற்றிலும் கம்பெனி லேபிள்தான். அச்சில் ஒரே ஒருமுறை தன் பெயரைப் பார்த்துவிட அவளுக்கு அவ்வளவு ஆசை. மூன்று நாளும் சோறு பிடிக்கவில்லை. ஆனாலும் தன் கணக்கு தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். மூன்றாம் நாள், வெட்டியது என்னுடையது இல்லை, அதில் என் பெயர் வேண்டாம் என்று செய்தி அனுப்பிவிட்டுப் பீடி சுற்ற உட்கார்ந்தாள்.

பேச்சிராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. தாளில் கடைசிக் கட்டத்தைச் சிவப்பு மையால் அழுத்தி அடித்துவிட்டு, அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தன் கிட்டாரில் வாசித்தார். நாலு மணிக்கு முஃபீதாவின் போன் அடித்தது.

“தங்கச்சி, தல கூரையில முட்டிக்கிட்டு நிக்கி. தாளு கீழ மேசையில கெடக்கு. அந்தக் கடைசிக் கட்டத்தக் கொஞ்சம் சொல்லு.”

முஃபீதா கையிலிருந்த பீடிக்கு நூல் கட்டி முடித்தாள்.

“மொத்தம் எத்தன கட்டம் அண்ணாச்சி?”

அவர் கீழே சிவப்பு மை அடித்த தாளைப் பார்த்தார்.

“இருபத்தஞ்சு” என்றார்.

எந்தக் கம்பி, எந்த விரல், எவ்வளவு நேரம் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் வாசித்து இறங்கினார்.

அடுத்த ஜூனில் புத்தகம் வந்தது. பன்னிரண்டு துண்டுகளின் தலைப்பிலும் முஃபீதா, முக்கூடல் என்று இருந்தது. அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி வாசித்துவிட்டு அழுதாள். இப்போது பல ஊர்களில் பிள்ளைகள் அவற்றைத் தேர்வில் வாசிக்கிறார்கள். பதற்றத்தில் கடைசிக் கட்டத்தை மறந்துவிடும் பிள்ளைகளும் உண்டு என்பதால், முஃபீதாவின் துண்டு என்றதும் தேர்வாளர் எழுந்துபோய் முதலில் மின்விசிறியை நிறுத்திவிடுகிறார்.