முகத்தில் கொஞ்சம் சிவப்பு

எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுப்பது அவர், நிறம் பார்ப்பது நான். கல்யாணமான புதிதிலேயே இது முடிவாகிவிட்டது. காரணம், என் வீட்டுக்காரருக்கு நிறம் என்றால் பைத்தியம். வானத்தை அவரிடம் விட்டால் சொட்டு நீலத்தைக் கொட்டிக் கவிழ்த்துவிடுவார். புல்லை விட்டால் மாடே மிரண்டு ஓடும். மனிதர்கள் எல்லாரும் தக்காளி. கடைத்தெருவில் அவருக்கு ஜிகினா என்று பெயர். அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது. போனை எடுத்தாலே "ஜிகினா பேசறேன்" என்பார்.

நான் நேர் எதிர். தோல் என்பது ஒரே நிறம் இல்லை. காதோரம் சிவப்பு, கண்ணுக்குக் கீழே லேசாக நீலம், நெற்றியில் கொஞ்சம் மஞ்சள், எல்லாம் சேர்ந்தால்தான் ஆள். ஒட்டுமொத்தமாக நிறத்தை ஏற்றினால் ஆள் போய் பொம்மை வந்து உட்கார்ந்துவிடும். "கொஞ்சம் வெள்ளையாக்கிக் குடுங்க" என்று கேட்டு வருகிறவர்களிடம், "அதுக்கு சுண்ணாம்பு அடிக்கிறவங்ககிட்ட போங்க" என்பேன். என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் தங்கள் நிறத்தோடு சமாதானமாகப் போனார்கள். என் கண்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. கர்வம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். அவர் என்னை வாசலிலேயே நிறுத்தி, கண்ணைப் பொத்தி, என் வேலை அறைக்குக் கூட்டிப்போனார். கையை எடுத்தார். நாலு சுவரும் கிளிப்பச்சை.

"எப்படி?" என்றார். புருவத்தில் பெயிண்ட், காதில் பெயிண்ட். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல நின்றார். ஊருக்கே வாய்க்காரியான எனக்கு அந்த முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றேன்.

சில மாதங்கள் போயின. அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், தங்கள் குடும்பப் படத்தைப் பார்க்க வந்தாள். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் படமெடுக்கப் போயிருந்தார். நான் மடிக்கணினியை அறையிலிருந்து எடுத்துவந்து சமையலறை மேசையில் வைத்தேன்.

நாத்தனார் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "அண்ணி, எங்க வீட்டுக்காரருக்குக் காமாலையா?"

"உன் கண்ணுக்குத்தான் காமாலை" என்றேன். நாத்தனார் குறை சொல்லாமல் இருந்தால்தானே அதிசயம். ஆனாலும் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். குடும்பமே இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. உதட்டில் ரத்தம் இல்லை. கன்னத்தில் பச்சை ஓடியிருந்தது.

கணினியைத் தூக்கிக்கொண்டு அறைக்கு ஓடினேன். அங்கே எல்லாரும் சௌக்கியம். சமையலறைக்கு ஓடினேன். மறுபடி ஆஸ்பத்திரி. மூன்றாவது முறை ஓடும்போது நாத்தனார், "அண்ணி, படத்துக்கு இல்ல, உங்களுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். அந்தக் கண் என்னுடையதா? கண் போய்விட்டால் இந்தத் தொழிலில் எனக்கு என்ன மிச்சம்? இத்தனை மாதங்களாக நான் செய்து அனுப்பிய படங்களெல்லாம் எத்தனை வீட்டுச் சுவரில் நோயாளிகளாகத் தொங்குகின்றனவோ!

பக்கத்துத் தெரு பேக்கரியில் போன மாதம் செய்துகொடுத்த படம் ஒன்று மாட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நாத்தனாரும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தாள்.

கல்லாவுக்கு மேலே பேக்கரிக்காரம்மா, அவள் புருஷன், இரண்டு பெண்கள். நாலு பேரும் நாலு நிறம், நாலும் சரி. அடுப்படியில் நிற்கிறவளின் கன்னத்தில் எவ்வளவு சிவப்பு இருக்குமோ அவ்வளவேதான் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு அப்படியே நின்றது. இது நான் போட்ட நிறம் இல்லை. பெற்ற பிள்ளையைத் தெரியாமல் போகுமா? என் படத்தில் வேறொரு கை பட்டிருந்தது.

"படம் பிரமாதம்மா" என்றாள் பேக்கரிக்காரம்மா. "மொதல்ல குடுத்தது மட்டும் கொஞ்சம் சீக்காளி மாதிரி..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மொதல்ல குடுத்ததுன்னா?"

"ஐயோ, சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரே உங்க வீட்டுக்காரர். பிரிண்டர்ல ஏதோ கோளாறாம். அவகிட்ட சொல்லாதீங்க, மனசு கஷ்டப்படுவான்னு வாங்கிட்டுப் போயி, மறுநாளே வேற கொண்டாந்து குடுத்தாரு."

திரும்பி வரும் வழியில் நாத்தனார் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. அது அவளுக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்.

அவர் வீட்டுக்கு வந்து பையை இறக்குவதற்குள் கேட்டேன். "எத்தன படம் மாத்துனீங்க?"

முழுப் பூசணிக்காயை இத்தனை நாள் சோற்றில் மறைத்து வைத்திருந்தவர், ஒரு கேள்வியில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாம்தான்."

"ஏன் சொல்லல?"

"உன் கண்ணுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்தேன். அதை உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ அதுலதான உசுரையே வெச்சிருக்க."

"அதுக்குத்தான் தெனமும் ஒரு கட்டு கேரட் வாங்கிட்டு வந்தீங்களா?"

தலையை ஆட்டினார். நாத்தனாருக்கு அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரைக் கையைப் பிடித்து என் அறைக்கு இழுத்துப்போனேன். வழக்கம்போல ஜன்னலை மூடி விளக்கைப் போட்டேன். அப்போதுதான் பார்த்தேன், அவருடைய வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லை. தாடையில் பச்சை, கைவிரலில் பச்சை. விளக்கு வெளிச்சம் சுவரில் பட்டு எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டிருந்தது.

நானும் நாத்தனாருமாக வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து சுவர்களில் மாட்டினோம். ஒரு நிமிடம் பொறுத்துப் படத்தைத் திறந்தேன். குடும்பம் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. பச்சைக்குள்ளேயே உட்கார்ந்திருந்த என் கண்ணுக்கு எல்லா முகமும் அளவுக்கு மீறிச் சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. நானும் கடமையாக அந்தச் சிவப்பை உருவி உருவி எடுத்திருக்கிறேன்.

"கண்ணுக்கு ஒண்ணுமில்லங்க. சுவருதான்!" என்று கத்தினேன்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றாள் நாத்தனார்.

"இந்த மேடை நெஜமாவே கோணல்தாண்டி!"

அவர் மட்டும் சிரிக்கவில்லை. விரிப்புக்கு ஓரத்தில் தெரிந்த பச்சையைத் தடவிப் பார்த்தார். "உனக்குப் புடிச்சிருக்குன்னு சொன்னியே?"

"புடிக்கலங்க. மொத நாள்லேர்ந்தே புடிக்கல. உங்க மொகத்தப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

அவர் விரிப்பை இழுத்து அந்தப் பச்சையை மூடினார். "சரி, நாளைக்கே வேற அடிச்சிடறேன். என்ன கலர்?" என்றார்.

"சாம்பல்."

"சாம்பலா? ஒரு ஓரமா மஞ்சள்..."

"வெறும் சாம்பல்."

பெருமூச்சு விட்டார். ஆனால் எனக்கு இன்னொன்று புரியவில்லை. வானத்தைச் சொட்டு நீலமாக்கும் மனிதருக்கு, மனிதர்களைத் தக்காளியாக்கும் மனிதருக்கு, பேக்கரிக்காரம்மாவின் கன்னத்துச் சிவப்பு மட்டும் எப்படி அவ்வளவு அளவாக வந்தது? அதையும் கேட்டேன்.

"உன் பழைய படங்களத் தெறந்து பக்கத்துல வெச்சுக்குவேன்" என்றார். "இந்த எடத்துல நீ எவ்வளவு வெப்ப, எங்க நிறுத்துவன்னு பாத்துப் பாத்துப் போடுவேன். ஒரு மொகத்துக்கு அரை நாள் ஆகும்."

"உங்களுக்குப் புடிச்ச மாதிரி போட்டிருக்கலாமே. யாரு கேக்கப்போறா?"

"எனக்குப் புடிச்ச மாதிரியா?" அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "அது உன் வேலைன்னு சொல்லித்தான குடுக்கறேன். உன் கை மாதிரி இருக்க வேண்டாமா?"

நான் நாத்தனார் முன்னாலேயே அழுதேன். அவள் நாகரிகமாகத் திரும்பிக்கொண்டு விரிப்பைச் சரிசெய்தாள். அதுவும் ஒரு நிமிடம்தான். "அழுது முடிச்சாச்சுன்னா எங்க வீட்டுக்காரர டிஸ்சார்ஜ் பண்ணுங்க" என்றாள்.

நான் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். "இத நீங்க போடுங்க. என்னைப் பாத்து இல்ல, உங்க இஷ்டத்துக்கு."

அவர் உட்கார்ந்தார். மவுஸைத் தொட்டார், எடுத்தார். பிறகு தங்கையின் முகத்தைப் பெரிதாக்கி, என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க எவ்வளவு வெக்கட்டும்?"