சப்பாத்துச் சத்தம்

பள்ளிமுனையில் எடித் நடத்திய ஐஸ் பக்டரியில் இருந்தது ஒரே ஒரு மெசின். புருசன் செத்தபின் அவளுடைய சோறும் மானமும் அதுதான். அதை ஓட்டியவன் கொன்ஸ்ரன்ரைன். அவன்மேல் எடித்துக்கு மருந்துக்கும் நம்பிக்கை இல்லை.

பின்னே என்ன? அந்த மனிதன் பூனை மாதிரி வெறுங்காலில் நடப்பான். எப்போது வந்தான், எப்போது போனான், ஒன்றும் கேட்காது. அமுக்கம் காட்டும் முள்ளைப் பார்க்கச் சொன்னால் சுவரோரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். பின்கதவால் ஐஸ் போகிறது என்று எடித் முடிவே கட்டிவிட்டாள். கள்ளனுக்குத்தானே சத்தமில்லாத கால் வேண்டும்!

ஒருநாள் லாடம் அடித்த சப்பாத்து ஒரு சோடி வாங்கி வந்து அவன் முன்னால் போட்டாள்.

"இனி இதைப் போட்டுக்கொண்டுதான் உள்ளுக்கு நிக்கவேணும். முள்ளை விட்டு அங்காலை இங்காலை அசையக்கூடாது."

"அம்மா, எனக்குக் காலாலைதான் மெசின் விளங்கும். நிலம் அதிருற விதம் மாறினால் உடனை நிப்பாட்டிப்போடுவன். முள்ளு பிந்தித்தான் சொல்லும்."

"என்ன கதை விடுறாய்? காலிலை கண்ணோ இருக்கு உனக்கு?"

அவன் சப்பாத்தைப் போட்டான்.

கந்தோர் மேசையில் கணக்குப் பார்த்தபடியே, டக், டக் என்ற சத்தத்தில் அவன் நிற்கும் இடத்தை எடித் அறிந்தாள். நிம்மதிதான். ஆனால் களவு நின்றிருந்தால் நாளுக்கு நாலைந்து ஐஸ் கட்டியாவது கூடியிருக்கவேண்டுமே? பன்னிரண்டு நாளாகியும் ஒன்றுகூடக் கூடவில்லை. வேறு வழி கண்டுபிடித்துவிட்டான் எமகாதகன் என்று பல்லைக் கடித்தாள்.

பதின்மூன்றாம் நாள் காலை படார் என்றொரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், மெசினின் அச்சு முறிந்து, உடம்பு பிளந்து, எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

"என்ரை மாதாவே! வேணுமெண்டு உடைச்சனியோ?"

"முள்ளைப் பாக்கச் சொன்னியள், பாத்துக்கொண்டு நிண்டனான். நீங்களே பாருங்கோ, அது இப்பத்தான் விழுகுது."

முள் உண்மையாகவே அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் சப்பாத்தைக் கழற்றிச் சோடியாக அவள் முன் வைத்தான். வெறுங்காலைச் சீமெந்தில் ஊன்றிக் கொஞ்சம் நின்றான். கண் கலங்கிவிட்டது.

"செத்துப்போச்சு, அம்மா."

வெளியே மீன்கூடைகளோடு வள்ளக்காரர் ஐஸ் கேட்டுக் கத்தத் தொடங்கினார்கள். ஐயோ, என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேனே! எடித் வாசல் பக்கம் பார்த்தபடி அழுதாள். பிறகு, "கொன்ஸ்ரன்ரைன், குறை நினைக்காதை" என்று திரும்பினாள்.

சப்பாத்து மட்டும் கிடந்தது; பின்கதவு திறந்திருந்தது. அவன் போன சத்தமே கேட்கவில்லை.