ஏழரை மணிக்கு ஒரு சொல்

தாள்களை மேசைமேல் நிறுத்தி ஒரு தட்டு, படுக்கவைத்து ஒரு தட்டு, விளிம்பெல்லாம் ஒன்றாகிவிட்டதா என்று கட்டை விரலால் ஒரு தடவல், பிறகு குனிந்த தலை நிமிர்கிறது, உதடு ஒட்டிப் பிரிகிறது, மா, சாப்டியா, அவ்வளவுதான், அதற்குள் பெயர் வரிசை ஏறி மகளின் முகத்தை மூடிவிடும், அந்த நேரத்தில் இசை முழங்குவதாக ஊரார் சொல்வார்கள், குய்சிக்கு அது கேட்டதில்லை, அவள் காது நூற்பாலையோடு போயிற்று, ஆனால் அந்த ஒரு சொல் கேட்டது, கண்ணால் கேட்டது, பதினோரு வருஷமாக, மாலை ஏழு மணிச் செய்தி முடிந்து ஏழரையைத் தொடும் அந்த நாலு நொடியில், நாடு முழுக்க எத்தனை கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது தனக்கு மட்டும் என்றே நினைத்திருந்தாள், நினைத்தது தப்பு என்று தெரிந்து மூன்று நாளாகிறது, மூன்று நாளாகத் தொலைக்காட்சிப் பெட்டிமேல் பழைய படுக்கைவிரிப்பு ஒன்றைப் போர்த்திவைத்திருக்கிறாள், இழவு விழுந்த வீட்டில் கண்ணாடியை மூடுவதுபோல, மூடிவிட்டுக் குட்டி போட்ட பூனையாய் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடக்கிறாள், அடுப்பில் நூடுல்ஸ் வெந்து குழைந்துவிட்டது, கடிகாரத்தில் ஆறு நாற்பது.

ஆறு நாற்பது என்றால் அந்தக் காலத்தில் ஆலையில் மாலை ஷிப்ட் சூடு பிடிக்கிற நேரம், ஷிஜியாசுவாங் நகரத்தின் பஞ்சுத் தூசியெல்லாம் அந்த ஒரு கூடத்தில்தான் பறக்கிறதோ என்று தோன்றும், நானூறு கதிர்கள் ஒரு வரிசையில் சுழல்கின்றன, பத்து வரிசை, அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் தெரியாது, பெண்களோ பேசாமல் இருக்க மாட்டார்கள், உதட்டால் பேசினார்கள், நாலு இயந்திரத்துக்கு அப்பால் நிற்கிறவளிடம் மாமியாரைப் பற்றிப் புறம் பேச உதடு போதும், வாயை அகலத் திறந்து ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி, மேஸ்திரி பக்கத்திலேயே நின்றாலும் அவனுக்கு ஒன்றும் புரியாது, ஒரே ஒரு தொல்லை, மகரமும் பகரமும் உதட்டில் ஒன்றுதான், இரண்டுக்கும் ஒட்டிப் பிரியும், பூனைக்கு அவர்கள் பேச்சில் மாவ், ஆவியில் வெந்த கொழுக்கட்டைக்குப் பாவ், ஒருநாள் ஒருத்தி சாப்பாட்டுக்குப் பாவ் கொண்டு வந்திருக்கிறேன் என்று சொல்ல, குய்சி இயந்திரத்துக்கு அடியில் குனிந்து பூனையைத் தேடினாள், அன்று முழுக்கக் கூடமே சிரித்தது, அதன் பிறகுதான் ஒரு வழக்கம் வந்தது, மகரம் மூக்கால் வருகிற எழுத்தில்லையா, அதனால் மா என்று சொல்லும்போது ஒரு விரலால் மூக்கைத் தொட வேண்டும், தொட்டால் மா, தொடாவிட்டால் பா, எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தராத இலக்கணம், அந்த ஆலைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்தது, ஃபிட்டர் வேலை பார்த்த சாங்ஹவுக்கும் தெரியும், அவன் உதட்டைப் படித்துத்தான் குய்சி கல்யாணத்துக்குச் சம்மதித்தாள், வாய் திறந்து கேட்டிருந்தால் ஒருவேளை மாட்டேன் என்றிருப்பாள்.

யென் பிறந்தபோதே குய்சிக்குப் பாதிக் காது போயிருந்தது, குழந்தை அழுவது தெரியாமல் தூங்கிவிடுவோமோ என்று அதன் கால் கட்டை விரலையும் தன் கை விரலையும் ஒரு நூலால் கட்டிக்கொண்டு படுத்தாள், பேச்சு வந்த வயதில் அந்தப் பிஞ்சு புரிந்துகொண்டது, அம்மாவிடம் சத்தமாகப் பேசிப் பயனில்லை, தெளிவாகப் பேச வேண்டும், எழுத்துக்கு எழுத்து உதட்டில் நிறுத்த வேண்டும், மூக்கைத் தொட்டு மா என்பாள், தொடாமல் பா என்பாள், அம்மாவுக்கு மா, அப்பாவுக்கு பா, சில நாள் வேண்டுமென்றே மூக்கைத் தொட்டு அப்பாவைக் கூப்பிடுவாள், குய்சி ஓடி வருவாள், ஏமாந்தியா, ஏமாந்தியா என்று குதிக்கும் குட்டி, வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், இந்தப் பிள்ளை அந்த வாயால்தான் பிழைத்தது, தலைநகரத்தில் செய்தி வாசிப்பவர்களைத் தேர்ந்தெடுத்தபோது உன் உச்சரிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்களாம், என் அம்மாவுக்குக் காது கேட்காது என்றாளாம், அவர்களுக்குப் புரியவில்லை, குய்சிக்குப் புரிந்தது, அன்று அவள் தனியாக உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில்தான், காதைக் கொடுத்து ஒரு குரலை வாங்கியிருக்கிறோம் என்று.

தனியாகத்தான், ஏனென்றால் அதற்குள் ஆலையை மூடி எத்தனையோ வருஷம், சாங்ஹ தெற்கே குன்மிங்கில் வேலை கிடைத்தது என்று போனான், நாலு மாசத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றான், கூப்பிட்டதென்னவோ பெய் என்ற வேறொருத்தியை, யென்னுக்கு அப்போது பதினாலு வயது, அழவில்லை, அப்பாவின் பெயரை அந்த வீட்டில் எடுக்கவுமில்லை, குய்சியும் எடுக்கவில்லை, ஆனால் செய்தி முடிந்து வானிலை வரும்போது குன்மிங் எத்தனை டிகிரி என்று பார்க்காமல் ஒருநாளும் எழுந்ததில்லை, அங்கே எப்போதும் வசந்த காலமாம், இவள் ஜன்னலில் பனி உறைந்திருக்கும், அங்கே பதினெட்டு டிகிரி, நல்லா இரு என்று சபிப்பதுபோல வாழ்த்திவிட்டுப் பெட்டியை அணைப்பாள்.

யென் முதன்முதலாக அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த அன்று அடுக்ககமே குய்சி வீட்டில் கூடிவிட்டது, கருநீலக் கோட்டு, அசையாத முடி, இது நம்ம யென்தானா, பாதிச் செய்தி யாருக்கும் கேட்கவில்லையாம், அவ்வளவு பேச்சு, அந்த நிகழ்ச்சியைப் பற்றி ஆலைப் பெண்கள் அடிக்கிற கேலி ஒன்று உண்டு, முதல் பத்து நிமிஷம் தலைவர்களுக்கு ஓய்வே இல்லை, அடுத்த பத்து நிமிஷம் நமக்கு ஒரு குறையும் இல்லை, கடைசிப் பத்து நிமிஷம் வெளிநாட்டுக்காரனுக்கு விடிவே இல்லை, அன்று அந்தக் கேலியைக்கூட யாரும் சொல்லவில்லை, எல்லாரும் போன பிறகு குய்சி நினைத்துக்கொண்டாள், நமக்கு மூன்று பத்தும் வேண்டாம், முகம் தெரிந்தால் போதும், ஆனால் ஒரு மாசம் கழித்து அது நடந்தது, தாள்களைத் தட்டினாள், நிமிர்ந்தாள், மா, சாப்டியா, குய்சி கையிலிருந்த கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டாள், அடி பாவி, நாடே பார்க்கிற இடத்தில், ஒரு எழுத்து பிசகினாலும் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்று இவளே சொல்லியிருக்கிறாளே, யாராவது கண்டுபிடித்தால் வேலை என்னாகும், அதனால் குய்சி மூச்சு விடவில்லை, பக்கத்து வீட்டாரிடம் இல்லை, யென்னிடமே இல்லை, கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்ற பயம், புத்தாண்டு வசந்த விழாவுக்கு இரண்டு நாள் தாமதமாக வந்து இரண்டு நாள் முன்னதாகவே போகிற மகள், கைப்பேசியில் பத்து வார்த்தைக்கு மேல் எழுதாத மகள், அவளுடைய அன்பெல்லாம் அந்த நாலு நொடிக்குள் இருக்கிறது என்று இவளாகக் கட்டிக்கொண்ட கோட்டை, தினமும் அந்த நேரம் பார்த்துச் சாப்ட்டேன், சாப்ட்டேன் என்று பெட்டியிடம் பதில் சொல்வாள், சில நாள் யென் பக்கத்தில் லாவ் மா இருப்பதில்லை, அவளோடு அதிகம் வாசிக்கிற பெரியவர் அவர், அவர் இல்லாமல் காவ் என்ற இளைஞன் உட்கார்ந்திருக்கும் நாள்களில் அந்தச் சொல் வராது, மேலதிகாரி யாரோ பக்கத்தில் நிற்கிறார் போல என்று குய்சி தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள், பதினோரு வருஷமும் அப்படியே சொல்லிக்கொண்டாள், ஆசைக்குக் கண் தெரியாது என்பது சும்மாவா.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது பெய்யின் கடிதம், போன மாசம் சாங்ஹ இறந்துபோனான், நுரையீரலில் பஞ்சு, குய்சிக்குச் செய்தி வந்தது, போகவில்லை, அழுதாளா என்றால் வானிலை நேரத்தில் கொஞ்சம், பத்து நாள் கழித்துக் கடிதம், பெய் எழுதியிருந்தாள், அக்கா, உங்களுக்கு எழுத எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், கடைசி வரை அவர் ஏழு மணிச் செய்தியை விடவில்லை, முடிகிறபோது பாரு பாரு, யென் என்னைத்தான் கேட்கிறாள், பா, சாப்டியா என்கிறாள் என்பார், சாப்ட்டேன்டா கண்ணு என்று பதில் சொல்வார், மகள் மன்னித்துவிட்டாள் என்று நிம்மதியாகத்தான் போனார், இது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எழுதுகிறேன். ஆறுதலா, குய்சிக்குத் தலை சுற்றியது, மா இல்லை பா, பா இல்லை மா, இரண்டுக்கும் உதடு ஒட்டிப் பிரியும், யென் மூக்கைத் தொடுவதே இல்லை, கோட்டு போட்டுக்கொண்டு செய்தி வாசிக்கிறவள் எப்படித் தொடுவாள் என்றுதான் இவள் அதைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தாள், தொடாவிட்டால் பா, ஆலை இலக்கணப்படி அவன் படித்ததுதான் சரி, விட்டுவிட்டு ஓடினவனைக் கேட்டிருக்கிறாளா, விரலில் நூல் கட்டிப் படுத்தவளை இல்லையா, செத்தவனோடு போட்டியா என்று வெட்கமாகவும் இருந்தது, வெட்கம் ஒரு நாள்தான் தாங்கியது, மறுநாள் கைப்பேசியை எடுத்து எழுதிவிட்டாள், செய்தி முடிவில் தாளைத் தட்டிவிட்டு நீ சொல்வது மாவா, பாவா.

பதில் சாயங்காலம் வந்தது, அம்மா, நீ அதைப் படிக்கிறேன்னு எனக்குத் தெரியவே தெரியாது, அது லாவ் மா, அவர் குடும்பப் பெயர் மா இல்லையா, வயிற்றுப் புண் அவருக்கு, வேளைக்குச் சாப்பிட மாட்டார், அதனால தினமும் கேட்பேன், லாவ் மா, சாப்டியான்னு, ஏன் கேட்கிறே. லாவ் என்கிற மரியாதைச் சொல் குனிந்த தலைக்குள் போய்விடும், நிமிரும்போது மா மட்டும் மிஞ்சும், அந்த மிச்சத்தைத்தான் இவள் இங்கேயும் அவன் அங்கேயுமாகப் பங்கு போட்டுத் தின்றிருக்கிறார்கள், குய்சி முதலில் சிரித்தாள், இயந்திரத்துக்கு அடியில் பூனையைத் தேடிய அதே குய்சிதானே, சிரித்துக்கொண்டே போய்ப் படுக்கைவிரிப்பை எடுத்துப் பெட்டிமேல் போர்த்தினாள், யென் மறுபடி எழுதினாள், அம்மா, என்னாச்சு, பதில் இல்லை, இன்று காலை எழுதினாள், எவ்வளவு நாளா அதைப் பார்க்கிறே, அதற்கு மட்டும் குய்சி பதில் போட்டாள், பதினோரு வருஷம். அவ்வளவுதான், அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை, மத்தியானம் முழுக்கக் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாயிற்று, ஏன் சொன்னேன், இந்த வயதில் பிள்ளையிடம் பிச்சை கேட்ட மாதிரி ஆயிற்றே, சொல்லாமலே இருந்திருக்கலாம்.

ஏழுக்கு ஒரு நிமிஷம், இருப்புக் கொள்ளவில்லை, பழகின கை அது, படுக்கைவிரிப்பை இழுத்துவிட்டது, உலக உருண்டை சுழல்கிறது, யென் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் லாவ் மா இல்லை, காவ், சரி, இன்றைக்குக் கேட்பதற்கும் ஆள் இல்லை என்று குய்சி தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள், யென் கண்ணுக்குக் கீழே கொஞ்சம் வீங்கியிருக்கிறதா, மாவுப்பூச்சு அதிகமா, தலைவர்கள் கை குலுக்குகிறார்கள், கோதுமை விளைந்து கிடக்கிறது, எங்கோ ஒரு நாட்டில் வெள்ளம், யென்னின் உதட்டில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை, குய்சிக்குக் கண் செருகுகிறது, நூலைக் கட்டிக்கொண்டு படுத்த அந்த அறையில் அவள் கால் உதைக்கிறாள், குய்சியின் விரல் இழுபடுகிறது, எழுந்திரு எழுந்திரு, குழந்தைக்குப் பசி, இல்லை இல்லை, ஏழு இருபத்தொன்பது, இன்றைய செய்திகள் நிறைவடைந்தன, வணக்கம்.

தாள்களை நிறுத்தி ஒரு தட்டு, படுக்கவைத்து ஒரு தட்டு என்று காவ் பக்கத்தில் தட்டிக்கொண்டிருக்கிறான், யென் தட்டவில்லை, குனியவில்லை, தாள்கள் அவள் முன்னால் கோணலாகக் கிடக்கின்றன, நேராக இந்தப் பக்கம் பார்க்கிறாள், பெயர் வரிசை கீழிருந்து ஏறத் தொடங்கிவிட்டது, சீக்கிரம், சீக்கிரம், வலது கை மேலே வருகிறது, நாடே பார்க்க, விளக்கம் எழுதித் தர வேண்டிய குற்றம்தான், ஒரு விரல் மூக்கைத் தொடுகிறது, உதடு ஒட்டிப் பிரிகிறது, மா, அகலத் திறந்து, நிறுத்தி, நாலு இயந்திரத்துக்கு அப்பால் நிற்கிறவளிடம் சொல்வதுபோல, சாப்டியா, எழுத்துகள் அவள் முகத்தை மூடுகின்றன, மூடின பிறகும் அந்த விரல் இறங்கவில்லை. குய்சி எழுந்து நின்றுவிட்டாள், சாப்ட்டேன் என்று கத்தினாள், எவ்வளவு சத்தமாக என்று அவளுக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுச் சுவர் அதிர்ந்திருக்கும், சாப்ட்டேன்டி, உங்க அப்பாவும் சாப்ட்டாரு, சொல்லிவிட்டுத்தான் நினைவு வந்தது, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, குழைந்த நூடுல்ஸைக் கிண்ணத்தில் கொட்டி எடுத்துவந்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள், மகளிடம் பொய் சொல்லக் கூடாது, குன்மிங்கில் பத்தொன்பது டிகிரி.