வீரபத்திரனின் இடது கன்னம்

வீரபத்திரன் மாடிப்படி ஏறி வந்த வேகத்திலேயே, எதற்கு வந்திருக்கிறார் என்று ஸுபத்ராவுக்குத் தெரிந்துவிட்டது.

"ஜெயப்ரியா, பையத் தூக்கிக்கினு கெளம்பு."

சின்னக் காஞ்சிபுரத்தில், தன் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் ஸுபத்ரா நடத்தும் ஓவிய வகுப்பு அது. எல்லாம் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள். காலையில் கோயில் தூணிலுள்ள யாளியைச் சுருள் பிசகாமல் வரைவார்கள். மதியம் அதற்கு நேர் எதிர்: ஈர்க்குச்சியை மையில் தோய்த்து, தாளைப் பார்க்காமல், எதிரே இருப்பவரின் முகத்தையே பார்த்து வரைய வேண்டும்.

வீரபத்திரன் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். கம்ப்யூட்டரில் டிசைன் போடும் கடை ஊருக்குள் வந்த பிறகும் அவர் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்துப் போடும் கிராஃப் தாளுக்குத் தனி மவுசு. மகள் ஜெயப்ரியாவின் கை தன் கையைவிட நுணுக்கம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொள்பவர், இப்போது அவள் போன வாரம் வரைந்த ஈர்க்குச்சிப் படத்தை நீட்டினார்.

"என்னாம்மா டீச்சரு இது? காக்கா மைல கால வச்சிட்டு நடந்தாப்பல. கட்டத்துல புள்ளி வெக்கச் சொன்னா கோட்டத் தாண்டிப் போவுது. கை கெட்டுப்போச்சின்னா யாரு பதில் சொல்றது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஜெயப்ரியா சிரிக்கவில்லை, பையைத் தொடவும் இல்லை.

இவளை ஏன் விட மனமில்லை என்று ஸுபத்ரா தன்னையே கேட்டுக்கொண்டாள். இப்படி ஒரு கை தன் வகுப்பில் இருக்கிறது என்ற பெருமை முதலில் வந்து நின்றது. அதை ஒதுக்கிப் பார்த்தாலும், சொல்லிக்கொடுப்பது சரிதான் என்ற உறுதி அசையாமல் இருந்தது. அது போதும்.

"கூட்டிட்டுப் போங்க சார். அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் இந்த ஸ்டூல்ல உக்காருங்க. உங்களையே வரையட்டும். கை கெட்டிருக்கான்னு நீங்களே சொல்லுங்க."

"நான் என்னா கொலு பொம்மையா?"

"உக்காரு நைனா," என்றாள் ஜெயப்ரியா.

உட்கார்ந்தார். அவள் தாளைப் பார்க்கவே இல்லை. குச்சி நெற்றியிலிருந்து இறங்கி, ஒரு கண், பாதி மூக்கு, பாதி உதடு என்று போய்த் தாடையின் நடுவில் நின்றது.

"முடிஞ்சிது மிஸ்."

"மீதிப் பாதிய வாடகைக்கு வுட்டுட்டியா?" என்றான் பக்கத்தில் வரைந்துகொண்டிருந்த வாசுதேவ்.

ஜெயப்ரியா விழித்தாள். "அது தானா வருமே!"

வீரபத்திரனும் தலையாட்டினார். புடவையில் மயிலைப் பாதி போட்டால் போதும். மறுபாதியைத் தறி திருப்பிப் போட்டுக்கொள்ளும். அந்த வீட்டில் யாரும் எதையும் முழுதாக வரைந்ததில்லை என்பது ஸுபத்ராவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வருமா? அப்பாவ நல்லாப் பாரு."

ஜெயப்ரியா பார்த்தாள். பல் போன இடத்தில் இடது கன்னம் குழிந்திருந்தது. லென்ஸ் வைத்துக் கட்டம் பார்த்துப் பார்த்து அந்தப் பக்கத்துக் கண் சுருங்கி, புருவம் மேலேறியிருந்தது. மறுபடி குச்சியை மையில் தோய்த்தாள். இந்தமுறை மெதுவாக. குச்சி கன்னத்தின் குழிக்குள் இறங்கியது.

வீரபத்திரன் எட்டிப் பார்த்தார். கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"இந்தப் பக்கம் இப்படியா இருக்குது?"

"பல்லு புடுங்கினதுலேர்ந்து."

"ஒருத்தரும் சொல்லலியே!"

"நானே இப்பதான் பாக்கறேன். கைய எடு, இன்னும் காது பாக்கி."

கையை எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். உதடு அசையாமல் சொன்னார்: "கட்டத்துல மட்டும் புள்ளி கோட்டத் தாண்டக் கூடாது, ஆமா."

"தாண்டாது. பேசாத நைனா, வாய் கோணுது."